மலைவாழைக் கன்று வேண்டாம் என்று எப்போது சொன்னோம்?

மலைத் தோட்டக்கலைத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கும், மலைவாழையை மீட்க ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானிகளுக்கும், கீழ்ப்பழனி மலையிலிருந்து ஒரு சிறு விவசாயி எழுதுவது.

இந்த ஆண்டு எங்கள் பகுதிக்குத் திசு வளர்ப்பு (ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கும்) மலைவாழைக் கன்று கிடையாது என்று சமீபத்துக் கூட்டத்தில் வாசித்தீர்கள். காரணம் ஒரே வரி: விவசாயிகளிடம் போதிய ஆர்வம் இல்லை. மிச்சமாகும் பணத்தில் விழிப்புணர்வு முகாம் நடத்தப்படுமாம். வாழையை அழிக்கும் முடிக்கொத்து என்ற வைரஸ் நோய் என்றால் என்ன, நல்ல கன்று ஏன் முக்கியம் என்று எங்களுக்குச் சொல்லித் தருவீர்களாம். பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய அப்பா வைத்த தோட்டம் மொத்தத்தையும் தின்றது அந்த நோய்தான். ஏன் கன்று வாங்க வரவில்லை என்று அங்கிருந்த யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்போம். கேட்காததால் எழுதுகிறேன்.

விருப்பாட்சி, சிறுமலை என்ற இரண்டு மலைவாழை ரகங்கள்தான் எங்கள் பக்கம் காபிக்கு நிழல். காபிப் பணம் வருடத்துக்கு ஒரு முறை. மற்ற மாதங்களில் பள்ளிக்கூடச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, கூலி எல்லாம் வாழைத்தாரில் இருந்துதான் வந்தன. ஈரப்பதம் குறைந்த பழம் என்பதால் பஞ்சாமிர்தத்துக்கு இதைத்தான் தேடுவார்கள். இந்த இரண்டு வாழைக்கும் 2008-09இல் புவிசார் குறியீடு வந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் வந்தது. மேடையில் கைதட்டலும் கிடைத்தது. ஆனால் 1970களில் 18,000 ஹெக்டேரில் நின்ற மலைவாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது என்று உங்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகளே சொல்கின்றன. மிஞ்சியிருக்கும் அந்தக் கொஞ்சத்தையும் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துத்தான் ஆர்வமில்லை என்கிறீர்கள்.

மலைக்காரர்கள் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள், புதுசு என்றால் பயப்படுவார்கள் என்ற எண்ணம் அலுவலகங்களில் ரொம்ப நாளாக இருக்கிறது. தயவுசெய்து பெரும்பாறையிலிருந்து தாண்டிக்குடி வரை ஒரு முறை நடந்து பாருங்கள். தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி.1 பட்டர் புரூட் மரத்தை எந்த முகாமும் வந்து எங்கள் தலையில் கட்டவில்லை. ஒருவர் வைத்தார், காய்த்தது, வியாபாரி தோட்டத்துக்கே வந்து விலை பேசினார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் மறு வருடம் குழி எடுத்தார். காபியில் சந்திரகிரி ரகம் 2007இல் வந்தது. குட்டையாக வளரும், இலைத்துருவைத் தாங்கும் என்று தெரிந்ததும் விதைக்கு அலைந்தோம். சௌசௌ பந்தல் இன்னும் பெரிய உதாரணம். கல்தூண், கம்பி, கூலி என்று ஏக்கருக்கு எவ்வளவு முதல் இறக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நகையை அடகு வைத்துப் பந்தல் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஏனென்றால் சில மாதத்தில் காய் வரும், வந்த பிறகு வாராவாரம் ஒட்டன்சத்திரத்துக்கு மூட்டை போகும், வாராவாரம் கையில் காசு. வாழையை எடுத்துவிட்டுச் சௌசௌவுக்குப் போனவர்களுக்குக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். வாழையிலும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் அடுத்த முறை கன்று வாங்க வரவில்லை. அந்தக் கணக்கை இனி விவரமாகச் சொல்கிறேன்.

விஞ்ஞானிகளுக்கு முடிக்கொத்து பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. திட்டத்தை எழுதியவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. என் மாமியார் தினமும் காலையில் குருத்துக்கு அடுத்த இலையை வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நடு நரம்பை ஒட்டிக் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக ஓடுகிறதா என்று பார்ப்பார். சந்தேகம் இருந்தால் இலைக்காம்பின் அடியில் படிந்திருக்கும் வெள்ளை மாவைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, அங்கேயும் அந்தக் கோடு இருக்கிறதா என்று தேடுவார். இருந்தால் அந்த மரம் முடிந்தது. அடுத்தடுத்த இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். தார் வராது, வந்தாலும் மரத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். மருந்து கிடையாது. அது மட்டுமா, நோய் ஏறிய மரம் மேலும் சில இலை விட்ட பிறகுதான் நம் கண்ணுக்கே அடையாளம் தெரியும். அதற்குள் மட்டை இடுக்கில் உட்கார்ந்திருக்கும் அசுவினிப் பூச்சி நோயை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். அந்த மரத்தின் அடியில் முளைக்கும் ஈட்டிக்கன்றைப் பெயர்த்து வேறு தோட்டத்தில் வைத்தால் நோயும் கூடவே போய் இறங்கும். எங்கள் மலை முழுக்க அப்படித்தான் பரவியது.

இதற்குத் திசு வளர்ப்புக் கன்று நல்ல வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பரிசோதனை செய்து வைரஸ் இல்லை என்று உறுதி செய்த தாயிலிருந்து எடுத்த கன்று சுத்தமானது. ஆனால் சுத்தமான கன்று என்பது வேறு, நோயைத் தாங்கும் கன்று என்பது வேறு. டிஷ்யூ கன்றுக்கு நோய் வராது என்று விநியோகத்தின்போது எங்களிடம் சொல்லப்பட்டது. சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நோய் நிற்கும் சரிவுக்கு நடுவே சுத்தமான இளங்கன்றை வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் இரண்டு ஏக்கருக்கு மேலே ஒரு தோட்டம் இருக்கிறது. உடைமையாளர் வெளியூரில். காபி எடுக்கும் மாதத்தில் ஆள் வரும், மற்றபடி காடாகக் கிடக்கும். அதற்குள் பழைய வாழைக்குத்துகள் முடிக்கொத்தோடு அப்படியே நிற்கின்றன. நாங்கள் உள்ளே போய் வெட்ட முடியாது, அத்துமீறல் ஆகிவிடும். போன் போட்டுச் சொன்னால், "பார்க்கலாம்மா" என்பார். எங்கள் கன்று தோள் உயரம் வந்தபோது மேல் வரப்பை ஒட்டிய வரிசையில்தான் முதலில் கோடு தெரிந்தது. அடுத்து அதற்குக் கீழ் வரிசை. அசுவினி பெரும்பாலும் கிட்டத்து மரத்துக்குத்தான் போகும் என்று புத்தகத்தில் இருப்பது எங்கள் தோட்டத்தில் வரிசை தவறாமல் நடந்தது. ஆய்வுக்கு வந்தவர் குறித்துக்கொண்டு போனது, பராமரிப்புக் குறைவு.

நோய் மரத்தை ஒழிக்கவும் ஒரு முறை இருக்கிறது. முதலில் மருந்தடித்து அசுவினியைக் கொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கிழங்கில் களைக்கொல்லி ஊசி போட வேண்டும், அல்லது பக்கக்கன்று ஒன்றுவிடாமல் தோண்டி எடுத்துத் துண்டு போட வேண்டும். சும்மா வெட்டிச் சாய்த்தால் அசுவினி அடுத்த குத்துக்குக் கிளம்பிவிடும். சரிவில் இதைச் செய்ய ஒரு நாளைக்கு எத்தனை குத்து முடியும், கூலி என்ன ஆகும் என்று யாராவது திட்டத்தில் எழுதியிருக்கிறீர்களா? கன்றுக்கு மானியம் உண்டு. நோய் மரத்தை அழிக்கிறவருக்கு ஒரு பைசா கிடையாது. பாதித் தாராவது தரும் என்று நம்பி வைத்திருக்கும் மரத்தை ஊருக்காக வெட்டச் சொல்கிறீர்கள், அந்த நஷ்டம் மட்டும் வெட்டுகிறவர் வீட்டோடு. இதில் பங்கு சேராதவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதே நோய் ஆஸ்திரேலியாவில் 1920களில் வாழைத் தொழிலைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்தது. மகீ என்ற விஞ்ஞானி நோய் எப்படிப் பரவுகிறது என்று அங்கே கண்டுபிடித்தார். அதை வைத்து அரசாங்கம் சட்டம் போட்டது: ஆய்வாளர்கள் தோட்டம் தோட்டமாகப் போனார்கள், நோய் மரத்தை யார் நிலத்தில் இருந்தாலும் அழிக்க வேண்டும், சுத்தமான இடத்துக் கன்றைத்தான் நட வேண்டும். திசு வளர்ப்பு என்ற பேச்சே இல்லாத காலம் அது. தொழில் மீண்டது. நமக்கு அதைவிட நல்ல கன்று இருக்கிறது. சரிவு முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் ஏற்பாடுதான் இல்லை. ஊர் முழுக்கச் செய்தால் மட்டும் பலன் தருகிற ஒரு வேலையை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வீடும் தோற்றதும் அந்த வீட்டின் மேல் குற்றம் எழுதுகிறீர்கள். எங்கள் மனக்குறையில் பாதிக்கு மேல் இதுதான்.

அப்புறம் மாதம். எங்கள் மலையில் கோடை மழை விழுந்து மண் இளகிய பிறகு, சித்திரை வைகாசியில் குழி எடுத்து நடுவோம். தண்ணீர் ஊற்றி வளர்க்கிற தோட்டம் இல்லை, மானாவாரி. உங்கள் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஆகவே கன்று மாசியில் வந்தது. ஓடையில் கால் நனையாத மாசி. ஆய்வகத்திலிருந்து லாரியில் வத்தலக்குண்டு, அங்கிருந்து ஜீப்பில் மேலே, ரோடு முடிகிற இடத்திலிருந்து குதிரை முதுகில் கூடையில். இவ்வளவு தூரம் ஆடி வந்த பாலித்தீன் பைக் கன்று, மெல்லிய வேரோடு, காய்ந்த சரிவில் என்ன செய்யும்? கிழங்கோடு வைக்கிற ஈட்டிக்கன்று ஒரு மாதம் மழை இல்லாவிட்டாலும் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கும். திசுக் கன்றுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. குடத்தில் தூக்கி ஊற்றினோம். நானும் நாத்தனாரும் பள்ளத்து ஊற்றிலிருந்து தலையில் சுமந்தோம். கணிசமானவை போய்விட்டன. பணம் செலவானதாக மேலே அனுப்பும் பயன்பாட்டுச் சான்றிதழில் மட்டும் கன்று விநியோகம் முழுமையாக முடிந்தது என்று போயிருக்கும். மார்ச்சுக்குள் முடிந்தது அல்லவா!

எண்ணிக்கை விஷயத்தில் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சமவெளியில் ஆறடிக்கு ஆறடி நடுவார்கள், ஏக்கருக்கு 1,200 கன்று பிடிக்கும். மலையில் காபி, மிளகு, ஆரஞ்சு எல்லாவற்றோடும் கலந்து பன்னிரண்டடிக்கு ஒன்று வைப்போம், ஏக்கருக்கு 300. வெட்டிய அடியிலிருந்தே மறுதாம்பு விட்டுப் பல வருடம் போகிற வாழைக்கு அந்த இடைவெளி வேண்டும். மலைவாழைக்கு இதே இடைவெளியைத்தான் விஞ்ஞானிகளும் பரிந்துரைக்கிறார்கள். எங்களுக்குக் கன்று வந்ததோ சமவெளிக் கணக்கில். மிச்சத்தை எங்கே நடுவது என்று கேட்டால், ஏக்கருக்கு இத்தனை என்று இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கொஞ்சம் அடிவாரத்துச் சொந்தக்காரர்களுக்குப் போனது. கொஞ்சம் கொட்டகை ஓரத்தில் காய்ந்தது. ஆய்வில் அதெல்லாம் சேர்ந்து இறப்பு விகிதம் ஆனது. ஒரு வருடம் மலைவாழைக்குப் பதிலாகச் சமவெளி ரகமான ஜி9 கன்று வந்த கதையும் உண்டு. அதை இங்கே விளைவித்து எந்தப் பஞ்சாமிர்தக் கடையில் விற்பது? அடிவாரத்திலேயே தண்ணீர் கட்டி மலிவாக விளைகிற பழத்தை மலையிலிருந்து வாடகை கொடுத்து இறக்கினால் வாடகைக்குக் கூடக் கட்டாது.

இனி காகிதம். சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே பெயரில் இருக்க வேண்டும். எங்கள் நிலம் மாமனார் பெயரில் கூட்டுப் பட்டா. அவர் இறந்து வருடங்கள் ஆகின்றன. பங்காளிகளில் ஒருவர் திருப்பூரில், ஒருவர் கேரளாவில். எல்லோரும் ஒரே நாளில் கையெழுத்துப் போட வந்தால்தான் பட்டா பிரியும். சான்று வாங்கக் கொடைக்கானல் தாலுகா அலுவலகம் போய்வர ஒரு நாள் கூலி போகும். அன்றைக்கு அய்யா லீவு என்றால் இன்னொரு நாளும். சரி, இதையெல்லாம் தாண்டினால் சொட்டுநீர் போட்டால்தான் கன்று என்றார்கள். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம் என்பது உண்மைதான். ஆனால் கிணறு எங்கே, மோட்டார் எங்கே என்று கேட்கிறார்கள். மானாவாரிச் சரிவில் எதைக் காட்டுவது?

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மலையில் பக்கக்கன்று நீக்குவது, காய்ந்த மட்டை அறுப்பது, களை எடுப்பது, கோடு தெரிகிறதா என்று பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். நோயை முதலில் கண்டுபிடிப்பது நாங்கள்தான். பயிற்சிக்குக் கூப்பிடுவது பட்டாவில் பெயர் இருப்பவரை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுக்கச் சாகுபடி நிலம் வைத்திருப்பவர்களில் ஏறத்தாழ 14 சதவீதம்தான் பெண்கள். என் வீட்டுக்காரர் போய்வந்து சொன்னது, சாப்பாடு நன்றாக இருந்தது என்பதும், ஒரு மஞ்சள் பை கொடுத்தார்கள் என்பதும். அவர் நல்ல மனிதர், காபி வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் எங்கள் தோட்டத்து வாழையில் எது நோய் மரம் என்று அவருக்குக் காட்டுவதே என் மாமியார்தான்.

யானை, காட்டுமாடு, காட்டுப்பன்றி பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அது வேறு அலுவலகத்துக்குத் தனி மடல். இளங்கன்று என்றால் காட்டுமாட்டுக்கு இன்னும் பிரியம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். ஒரு வட்டாரத்தின் சராசரி விளைச்சல் இறங்கினால்தான் அதில் பணம் வரும். என் வரப்போரத்து வரிசையில் முடிக்கொத்து வந்தால் வட்டாரத்தின் சராசரிக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

மலைவாழை முதல் தார் வெட்ட ஒன்றேகால், ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை குழி வெட்டிய கூலி, உரம், களை எல்லாம் கைக்காசு. முதல் தார் நன்றாக வந்தால்தான் அந்தக் குத்து பல வருடம் சோறு போடும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அதில் ஒரு ஏக்கரைப் பரிசோதனைக்கு விட்டால், தோற்றதும் அந்த வருடம் பிள்ளைக்கு ஹாஸ்டல் பணம் கட்ட முடியாது. பெரிய தோட்டக்காரர் பத்து ஏக்கரில் ஒரு ஏக்கரை விட்டுப் பார்ப்பார். உங்கள் பதிவேட்டில் அவர் முன்னோடி விவசாயி, நாங்கள் ஆர்வமில்லாதவர்கள். கையில் இருக்கிற மிச்சம்தான் இங்கே வித்தியாசம். இந்தியாவில் நிலம் வைத்திருப்பவர்களில் 86 சதவீதம் பேர் இரண்டு ஹெக்டேருக்குக் கீழே என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படியிருக்க, மிச்சம் உள்ளவரை அளவுகோலாக வைத்து யாருக்காகத் திட்டம் போடுகிறீர்கள்?

என் மகள் வேளாண்மை படிக்கிறாள். அவள் பாடத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோளம் பரவியதைப் பற்றி 1943இல் வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. விதை கம்பெனிக்காரர் மூலம்தான் பலரும் முதலில் கேள்விப்பட்டார்கள்; நம்பி இறங்கியதோ பக்கத்துத் தோட்டக்காரர் பேச்சைக் கேட்டு. முதலில் கொஞ்ச இடத்தில் போட்டுப் பார்த்துத்தான் விரிவாக்கினார்கள். கேள்விப்பட்டதிலிருந்து நிலம் முழுக்க அதையே விதைக்கும் வரை சராசரியாக ஒன்பது வருடம் ஆனதாம். நல்ல மண், நல்ல ரோடு, பெரிய நிலம் இருந்த ஊரில் ஒன்பது வருடம். எங்களுக்கு நீங்கள் கொடுத்த அவகாசத்தை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் விநியோகத்தில் கன்று வாங்கியவர் தோட்டம் காய்ந்ததை ஊரே பார்த்தது. அடுத்த முறை யாரும் வராததற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? விழிப்புணர்வு எங்களுக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பக்கத்து ஊரில் ஒருவர் தோட்டத்தில் திசு வாழை இன்றைக்கும் நன்றாக நிற்கிறது. போய்ப் பார்த்தேன். அவர் நிலத்தைச் சுற்றி மூன்று பக்கம் சில்வர் ஓக்கும் காபியும், நாலாவது பக்கம் சௌசௌ பந்தல். அக்கம்பக்கத்தில் பழைய வாழைக்குத்து ஒன்றுகூட இல்லை. வந்த கன்றை உடனே நடாமல் வீட்டுப் பக்கம் நிழல்வலைக்குக் கீழ் வைத்து, தினமும் தண்ணீர் தெளித்து, கோடை மழை இரண்டு முறை நன்றாக இறங்கிய பிறகு நட்டிருக்கிறார். பையைக் கிழிக்கும்போது வேர் பைக்கு வெளியே சுற்றியிருந்ததாம். தார் ஒவ்வொன்றும் சீப்பு நெருங்கி, காய் வளைந்து, பழைய காலத்து விருப்பாட்சி மாதிரியே இருந்தது. மட்டை இடுக்கை விரித்துப் பார்த்தேன், எறும்பு ஏறவில்லை. எறும்பு ஏறாத மரத்தில் அசுவினியும் அநேகமாக இருக்காது. ஆக, உங்கள் கன்றில் குறை இல்லை. அந்தத் தோட்டத்தில் தற்செயலாக அமைந்ததை மற்ற தோட்டங்களுக்குத் திட்டம் போட்டு அமைத்துத் தர வேண்டியது உங்கள் வேலை.

இனி எங்கள் கோரிக்கைகள். ஆர்வமில்லை என்ற அந்த வரியைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, கன்று ஏன் தவறியது என்று தோட்டம் தோட்டமாக வந்து விசாரித்து எழுதுங்கள். விசாரிக்க வரும்போது வீட்டுப் பெண்களிடமும் பேசுங்கள். அந்த அறிக்கையைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள்.

முகாமுக்கு ஒதுக்கிய பணத்தை நோய் மரம் ஒழிப்புக்குத் திருப்புங்கள். ஒரு சரிவை எடுத்துக்கொள்ளுங்கள், முழு மலையையும் கேட்கவில்லை. அந்தச் சரிவில் ஆள் இல்லாத தோட்டம், வெளியூர்க்காரர் தோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து, நோட்டீஸ் கொடுத்து, ஒரே சமயத்தில் மருந்தடித்து அழியுங்கள். அழிக்கும் குத்து ஒவ்வொன்றுக்கும் கூலியும் இழப்பீடும் அதே மாதத்தில் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வெளியூர் உடைமையாளர் ஒத்துழைக்காவிட்டால் என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு அரசாணை வேண்டும். எங்களால் அவருக்கு போன்தான் போட முடியும். சரிவு சுத்தமான பிறகு சில மாதம் விட்டு, மறுபடி ஒரு முறை தேடிப் பார்த்த பிறகே கன்று கொடுங்கள்.

கன்று மாசியில் வரக் கூடாது. நிதியாண்டு குறுக்கே வருகிறது என்றால் மாசியில் ஆய்வகத்துக்குப் பணத்தைக் கட்டி, கன்றை மலையிலேயே நிழல்வலையில் வைத்துத் தேற்றுங்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் அந்த வேலையைச் செய்யத் தயாராக இருக்கின்றன; எங்கள் குழுவும் தயார். வலைக்கும் பைக்கும் கூலிக்கும் பணம் கொடுங்கள், மழை விழுந்ததும் குழுவே தோட்டத்தில் கொண்டுவந்து சேர்க்கும். ஏக்கருக்கு 300 கன்று, அதோடு செத்ததற்கு மாற்றாகக் கொஞ்சம். விருப்பாட்சி கேட்டவருக்கு விருப்பாட்சி, சிறுமலை கேட்டவருக்குச் சிறுமலை. வைரஸ் இல்லை என்ற சோதனைச் சான்றின் நகலை விவசாயி கையில் கொடுங்கள். திசு வளர்ப்புக் கன்றுக்குத் தேசிய அளவில் சான்றளிப்பு முறை 2006 முதல் இருக்கிறது. காபிக்குள் நடுகிறவருக்கும், மானாவாரிக்காரருக்கும் சொட்டுநீர்க் கட்டாயத்தை நீக்குங்கள்.

கூட்டுப் பட்டா நிலத்தில் உண்மையில் சாகுபடி செய்பவர் யார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கொடுத்தால் அது போதும் என்று ஆணையிடுங்கள், அந்தப் பெயர் மருமகளின் பெயராக இருந்தாலும். பயிற்சி எங்கள் ஊர்த் தோட்டத்தில், மாலை நான்கு மணிக்கு மேல், நோய் மரத்துக்குப் பக்கத்தில் நின்று நடக்கட்டும்.

கடைசியாக, விநியோகித்த கன்றின் எண்ணிக்கையோடு உங்கள் கணக்கு முடியக் கூடாது. நட்ட இரண்டாம் ஆண்டு எத்தனை தார் வெட்டினோம் என்று எண்ணி எழுதுங்கள். அதுவரை ஒரே களப்பணியாளர் எங்கள் பகுதிக்கு இருக்கட்டும். இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் ஏன் என்று எழுத்தில் பதில் வேண்டும். தை முடிவதற்குள் பதில் வந்தால், கோடை மழைக்கு முன் நோய் மரங்களை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கீழ்ப்பழனி மலை வாழை, காபி விவசாயி ஒருத்தி